சப்பரத் தண்டில் தொபியாஸின் இடம்

புன்னைப்பட்டணத்தில் ஒருவன் பிறந்து, வளர்ந்து, மீசை முளைத்து, கடலுக்குப் போய், கல்யாணம் முடித்து, நாலு பேரிடம் வம்பு வளர்த்து, குடியை விட்டு, மறுபடி பிடித்து, எத்தனை பாடுபட்டாலும் சரி, பயண மாதா தோள் சபையில் சேராதவரை அவனை ஊர் முழு ஆளாக எண்ணுவதில்லை. எண்ணாதது மட்டுமல்ல, அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லவும் சொல்லும். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். என் தோள் தண்டை எட்டவில்லையாம். நான் குள்ளன்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் குள்ளனுக்கும் கண் இருக்கிறது, வாய் தேவைக்கு மேலேயே இருக்கிறது, அதனால் சபைக்காரர்கள் சொல்ல வெட்கப்படுகிற இந்தக் கதையைச் சொல்ல நான் ஒருவன் மிஞ்சியிருக்கிறேன்.

சபையின் வேலை ஒன்றே ஒன்றுதான். திருவிழா வந்தால் பயண மாதாவின் சுரூபம் நிற்கிற தேக்குச் சப்பரத்தைத் தோளில் தூக்கி ஊரைச் சுற்றி வர வேண்டும். சபைக்காரன் எவனாவது செத்தால் அவன் பெட்டியையும் அதே தோளில் தூக்கிக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். யார் யார் சபையில் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்த காகிதம் எங்கேயும் கிடையாது, ஏனென்றால் அது தண்டிலேயே இருந்தது. சப்பரத்தின் அடியில் வலதும் இடதுமாக ஓடும் இரண்டு நீளத் தண்டுகளில் ஒவ்வொருவனுக்கும் ஒரு குழி உண்டு, அப்பன் தோள் வைத்துத் தேய்த்ததை மகன் தேய்த்து, மகன் தேய்த்ததைப் பேரன் தேய்த்து, வியர்வையும் எண்ணெயும் ஊறி வழவழவென்று ஆகிப்போன குழி, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இது இன்னார் இடம் என்று சொல்லிவிடலாம். மூன்று திருவிழாவுக்குத் தொடர்ந்து வராதவனின் குழியில் மெழுகை உருக்கி ஊற்றி நிரப்பிவிடுவார்கள். அத்தோடு அவன் சபையில் இல்லை. வேறொருவன் அந்த மெழுகின் மேல் தோள் வைத்துத் தன் குழியைத் தேய்க்கத் தொடங்குவான்.

முன்பெல்லாம் செத்தவனைத் தவிர எவனும் திருவிழாவுக்கு வராமல் இருந்ததில்லை. பிறகு ஷார்ஜா வந்தது, குவைத் வந்தது, கப்பல் வேலை வந்தது, சென்னையில் ஏசி போட்ட அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலையும் வந்தது, தண்டில் பாதி இடம் காலியானது. ஊர் பெருந்தன்மையாகக் கண்டுகொள்ளாமல் இருந்தது. பெருந்தன்மைக்குக் காரணம், பந்தலும் பட்டாசும் பாண்டு வாத்தியமும் அந்த வராதவர்களின் புண்ணியத்தில்தான் நடந்துகொண்டிருந்தன.

வலது தண்டில் முன்னாலிருந்து மூன்றாவது இடம் தொபியாஸுடையது. கல்யாணமான அடுத்த வருஷமே ஷார்ஜாவுக்குப் போனவன், கடல் ஆள் என்று தெரிந்ததும் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மீன் பகுதியில் நின்று சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு வருகிறேன் என்பான், ஒவ்வொரு வருஷமும் அந்த லீவை விற்ற பணம் வீட்டுக் கூரைக்கோ தங்கச்சி கல்யாணத்துக்கோ தங்கச்சி வீட்டிலிருக்கிற அம்மாவின் ஆஸ்பத்திரிக்கோ போய்விடும். அவன் வராமல் இருக்க இருக்க ஊரில் அவனுடையது ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தது. அவன் பைக்கை வேறொருவன் ஓட்டினான், படகில் இருந்த பங்கு கை மாறியது, அவன் உட்காருகிற டீக்கடை பெஞ்சில் வேறு ஆள் உட்கார்ந்தான், தெருவில் அவனைத் தெரிந்த நாய்கள் செத்துத் தெரியாத நாய்கள் பிறந்தன. மிச்சமிருந்தது தண்டில் அவன் தோள் தேய்த்த குழி ஒன்றுதான். அவன் மனைவி ஜெனோவா, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸும் ரீசார்ஜுமாகக் கடை நடத்துகிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சப்பரக் கொட்டகைக்குப் போய் அந்தக் குழியில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அந்த வருஷம் புதிதாக வந்த பங்குச் சாமியார் நல்ல மனுஷன், ஆனால் மலைப்பக்கத்துக்காரர். தண்டில் இருக்கிற ஆட்களையும் இல்லாத ஆட்களையும் பார்த்துவிட்டு, ரப்பர் டயர் போட்ட இரும்பு வண்டி ஒன்றைச் செய்துவிடலாம், சப்பரத்தை அதன்மேல் வைத்து நாலு பேர் தள்ளினால் போதும், யாருக்கும் இடுப்பு பிடிக்காது என்றார். சபையின் மூப்பர் கஸ்பார், ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், ஐஸ் கம்பெனிக்காரர் இவ்வளவு சூடாக முடியுமா என்று ஊரே வியக்கும்படி சூடானார்.

“மாதா என்ன சாமி, தள்ளுவண்டில வச்சு விக்கிற பனங்கெழங்கா?”

சாமியாரிடம் கோபப்பட்ட கையோடு சபையிடமும் கோபப்பட்டார். ஆள் இல்லை என்றுதானே வண்டி கேட்கிறார்கள், ஆளைச் சேர்ப்போம், வராதவன் இடத்தை எல்லாம் மெழுகு ஊற்றி அடைத்து உள்ளூரில் இருக்கிறவனுக்குக் கொடுப்போம், கொடியேற்றத்தன்றே தொடங்குவோம், ரொம்ப நாளாக வராதவன் தொபியாஸ், முதல் மெழுகு அவனுக்கு. அந்த இடத்தின்மேல் கண்ணாக இருந்த லெயோன் அன்றைக்கே புது வேட்டி எடுத்தான்.

ஜெனோவா கடையைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

“மாமா, அவரு எடத்துல ஊத்தாதீங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துருவாரு.”

“ஆறு வருஷமா இதத்தான் சொல்லுத. மூணுலயே ஊத்தியிருக்கணும், ஒம் மொகத்துக்காகப் பொறுத்தேன்.”

“ஊர்ல அவருக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான் மாமா. இதுவும் போச்சுன்னா அவரு திரும்பி வாரதுக்கு ஊர்ல எடமே இல்ல.”

கஸ்பார் ஈர மனசுக்காரர்தான், ஆனால் பொதுக் காரியத்தில் ஈரம் தெரிந்தால் மூப்பர் பதவி போய்விடும் என்று அவருக்கு ஒரு பயம். “சபைன்னா வரணும் மக்ளே,” என்றார். “வராதவன் எப்படி சபைக்காரன்?”

கொடியேற்றத்தன்று சாயங்காலம் கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டி மெழுகை உருக்கினார்கள். மெழுகு ஊற்றுவதற்கு முன் பழைய இடங்களோடு சப்பரத்தை ஒருமுறை தூக்கி இறக்க வேண்டும் என்பது சபை வழக்கம். உள்ளூரில் இருந்தவர்கள் அவரவர் குழியில் தோளை வைத்தார்கள், கஸ்பார் “மரியே வாழ்க” என்று குரல் கொடுத்தார், சப்பரம் எழுந்தது. காலி இடம் இருக்கிற பக்கம் தாழ வேண்டும், வருஷா வருஷம் தாழும், தாழத் தாழ அந்தப் பக்கத்து ஆட்கள் கெட்ட வார்த்தையும் ஜெபமும் கலந்து சொல்லுவார்கள். அன்று தாழவில்லை. நீர்மட்டம் வைத்துப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாதபடி இரண்டு தண்டும் ஒன்றுபோல் நின்றன. தன் வருங்கால இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று, இடது தண்டில் தான் தூக்கிக்கொண்டிருந்த இடத்தை விட்டு நழுவிச் சப்பரத்துக்குக் கீழே குனிந்து போன லெயோன், தொபியாஸின் காலி இடத்தில் எதன்மேலோ இடித்துக்கொண்டு, “மன்னிச்சிரு மக்கா” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனான். நாலடி போனபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று திரும்பிப் பார்த்தான். அங்கே யாருமில்லை.

அந்த நேரத்தில் ஜெனோவாவின் போன் அடித்தது.

“ஏளா ஜெனோ, அங்க சப்பரத்தத் தூக்கிட்டாங்களா?”

“ஆமா. ஏன்?”

“என் தோளு எறங்குது. ஒரு அம்மாவுக்கு மீன் வெட்டிக்கிட்டு இருக்கேன், வலது தோள்ல கொண்டு தண்ட வச்ச மாதிரி இருக்கு. வச்ச மாதிரி என்ன, வச்சிருக்கு.”

ஜெனோவா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கஸ்பாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கஸ்பார் எதையும் சோதிக்காமல் நம்புகிறவர் அல்ல. வாய் திறக்காமல் கையால் ஜாடை காட்டினார், ஆட்கள் சப்பரத்தை மெதுவாக இறக்கினார்கள்.

“எறக்கிட்டீங்க,” என்றது போன்.

மறுபடி ஜாடை காட்டினார்.

“தூக்குதீங்க. யோவ் மாமா, சும்மா ஏத்தி எறக்கி வெளையாடாதீங்க, கையில கத்தி இருக்கு.”

இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். எங்கள் ஊருக்கு அதற்குள் முக்கியமான வேறு கேள்வி வந்துவிட்டது. தொபியாஸ் வந்ததாகக் கணக்கா, வராததாகக் கணக்கா? ஒரு கட்சி, சபை என்றால் வர வேண்டும், அவன் தூக்கினான் ஆனால் வரவில்லை என்றது. இன்னொரு கட்சி, தூக்குவதற்குத்தானே வரச் சொல்கிறோம், வந்து தூக்காமல் நிற்கிறவனைவிட வராமல் தூக்குகிறவன் எந்த விதத்தில் குறைச்சல் என்று, சில பேரைப் பெயர் சொல்லிக் காட்டியே கேட்டது. சாமியாரைக் கேட்டார்கள். தான் படித்த வேத சாஸ்திரத்தில் இந்தப் பாடம் வரவில்லை என்றும், ஆனால் இரும்பு வண்டிக்கு இன்னும் டயர் வரவில்லை என்பதால் அவசரம் ஒன்றுமில்லை என்றும் அவர் சொன்னார். பேசிப் பேசி அடுப்பில் இருந்த மெழுகு ஆறிக் கட்டியாகிவிட்டது.

கடைசியில் கஸ்பார் தீர்ப்புச் சொன்னார். “திருவிழாவோட கடேசி நாளு சப்பரம் ஊரச் சுத்தி வரும்லா, அன்னைக்குப் பாப்போம். கடேசி வரைக்கும் நின்னு தூக்குனான்னா எடம் அவனுக்கு. நடுவுல விட்டான்னா மெழுகு. அவ்வளவுதான், கலைஞ்சு போங்கல.”

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களில், கோயிலைச் சுற்றி ஒரு சின்ன நடைக்காகச் சப்பரம் எழுந்த ஒவ்வொரு முறையும், தொபியாஸுக்கு மட்டுமல்ல, தண்டில் இடமிருந்த எல்லாருக்கும் எங்கெங்கே இருந்தார்களோ அங்கங்கே தோள் இறங்கியது. குவைத்தில் லாரி ஓட்டுகிறவன் ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். கப்பலில் இருந்தவன் கேப்டனிடம் அனுமதி வாங்கி மேல்தளத்தில் போய் நின்றுகொண்டான், அந்தப் பக்கம் கப்பலே லேசாகச் சாய்ந்தது என்று அவன் சொன்னதை மட்டும் ஊர் நம்பவில்லை. சென்னையில் இருந்தவன் மீட்டிங்கில் மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது தோளும் தலையும் தாழ்ந்து குனிந்திருக்கிறான், இவ்வளவு பணிவான பையனா என்று அந்த மேனேஜர் அவனுக்கு இன்னும் இரண்டு பேருடைய வேலையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஊரில் காலி இடங்களுக்கு மரியாதை கூடியது. காலி இடம் வழியாகக் குறுக்கே ஓடுகிற பிள்ளைகள் அடி வாங்கினார்கள். மாலை போட்டால் அந்தரத்தில் தொங்கியது. பன்னீர் தெளித்தால் ஷார்ஜாவில் மீன் வாங்க வந்தவர்கள் என்ன வாசனை என்று கேட்டார்கள். நன்னாரி சர்பத்தைத் தம்ளரில் ஊற்றித் தொபியாஸின் இடத்தில் நீட்டினால் தம்ளர் காலியாகி வந்தது, பின்னாலேயே போன் வந்து, எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு கூடப் பிழிந்திருக்கலாம் என்று குறை சொன்னது. தாய்மார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மகன்களின் காலி இடத்துக்கு முன்னால் நின்று, பணம் அனுப்புகிறாயே, போன் பண்ணுகிறாயா, சாப்பிடுகிறாயா, யாரோ ஒருத்தியோடு பேசுகிறாயாமே, என்றெல்லாம் நேருக்கு நேர் கேட்டார்கள், அந்தப் பக்கம் ஒருவனாலும் ஓட முடியாது, தோளில் தண்டு இருக்கிறதே. குவைத் லாரிக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த வீட்டார், பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்து காலி இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சரியாக இருந்தது, நிச்சயம் ஆனது.

ஜெனோவா தினமும் தன் புருஷன் இடத்துக்குப் பக்கத்தில் நடந்தாள். பேசமாட்டாள், சும்மா நடப்பாள். கல்யாணமான புதிதில் அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் கடற்கரைக்கு நடந்து போவார்கள், அவள் எப்போதும் வலது பக்கம், நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் தங்களுக்கு ஒரு நல்லது கிடைத்தால் அதை வைத்து எப்படி வேலையைக் குறைக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். முதலில் யோசித்தவன் லெயோன். இடது தண்டில் அவனுடைய தாத்தாவின் இடம் ஒன்று இருந்தது, அதில்தான் அதுவரை தூக்கிக்கொண்டிருந்தான், அது ஓரத்து இடம் என்பதுதான் அவன் குறை. ஒருநாள் முட்டி வலிக்கிறது என்று வீட்டில் படுத்துக்கொண்டான். மறுநாள் வந்து, “கட்டில்ல படுத்திருக்கேன், தோளு கனமா கனக்கு மக்கா, நானும் இங்கேருந்தே தூக்கிட்டேன்” என்று சொன்னான். ஷார்ஜாவிலிருந்து தூக்க முடியும் என்றால் இரண்டு தெரு தள்ளியிருந்து தூக்க முடியாதா? அடுத்த நாள் இன்னொருவனுக்குக் கடையில் வியாபாரம், தோள் மட்டும் கனத்ததாம். அதற்கடுத்து ஒருவன் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தான், பிரியாணி சாப்பிடும்போது தோள் கனத்ததாம். கிட்டே இருக்கிறவர்கள் குறையக் குறைய, தூரத்தில் இருப்பவர்களின் போன் குரல் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. “இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கே” என்று தொபியாஸ் சொன்னதை, ஷார்ஜாவில் வெயில் அதிகம், அதனால் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திருவிழாவின் கடைசி நாளும் வந்தது. பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் அதிசயத்தைப் பார்க்க ஜனங்கள் வந்து குவிந்திருந்தார்கள். பாண்டு வாத்தியம் முழங்கியது, பட்டாசு வெடித்தது, மாதாவுக்குப் பட்டும் பூவும் சாத்தி, சப்பரம் தேக்கில் செய்ததா பூவில் செய்ததா என்று தெரியாதபடி ஜோடித்து நிறுத்தியிருந்தார்கள். சபைக்காரர்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவி, சென்ட் அடித்து வந்திருந்தார்கள். வந்து, பந்தலுக்குக் கீழே வரிசையாக நின்று, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், படம் எடுக்க. ஒருவர் பாக்கியில்லை. ஆள் இல்லாமல் எழும்புகிற சப்பரத்தை உலகத்துக்குக் காட்ட வேண்டும், தான் ஒருவன் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். கஸ்பாரே தன் மருமகன் வாங்கிக் கொடுத்த புதுப் போனை வைத்துக்கொண்டுதான் நின்றார். தண்டுக்குக் கீழே ஒரு தோள் கிடையாது.

“மரியே வாழ்க!” என்றார் கஸ்பார், போனின் மேல் கண்ணாக.

சப்பரம் ஒரு முனகல் முனகியது. பிறகு எழுந்தது. ஒரு முழம் உயரம் எழுந்து, அங்கே நின்று நடுங்கியது, பூக்கள் உதிர்ந்தன, கூட்டம் ஓவென்று கத்தியது, சபைக்காரர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. எடுத்துக்கொண்டிருந்த படம் மறைந்து திரையில் குவைத் வந்தது, கப்பல் வந்தது, சென்னை வந்தது.

“என்னடே செய்யுதீங்க அங்க? நாங்க மட்டுமால தூக்குதோம்?”

ஜெனோவாவின் போனில் தொபியாஸ் பேசவில்லை. ஒரு மலையாளிக் குரல் பேசியது, மீன் பகுதியின் சூப்பர்வைசர். “சேச்சி, இவன் முட்டி போட்டு உட்கார்ந்நு. முகம் எல்லாம் சிவந்நு. ஆம்புலன்ஸ் விளிக்கட்டே?”

ஜெனோவா போனைப் பிடித்தபடி கஸ்பாரிடம் ஓடினாள். “மாமா, எறக்கச் சொல்லுங்க! அவரு நசுங்கிருவாரு!”

“எறக்குங்கல! எறக்கு!” என்று கத்தினார் கஸ்பார். யாரிடம் கத்துவது? தண்டுக்குக் கீழே ஆள் இருந்தால்தானே இறக்க. சப்பரம் நடுங்கியபடியே நின்றது. போனிலிருந்து, ஆழத்திலிருந்து வருவதுபோல, தொபியாஸின் குரல் வந்தது.

“நான் எறக்க மாட்டேன் ஜெனோ. நடுவுல விட்டா மெழுகு ஊத்திருவாங்க.”

ஜெனோவா கஸ்பாரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை. பிறகு முந்தானையை மடித்துத் தோளில் சும்மாடாக வைத்துக்கொண்டு தண்டை நோக்கி நடந்தாள். சபை தோன்றிய நாளிலிருந்து எந்தப் பெண்ணும் அந்தத் தண்டைத் தொட்டதில்லை, தூசி தட்டக்கூட விட்டதில்லை.

“ஏம்மா, பொம்பளையாளுக்கு அங்க எடம் கெடயாது!” என்று பழக்கத்தில் கத்திவிட்டார் கஸ்பார்.

“எனக்கு எடம் வேண்டாம் மாமா,” என்றாள் ஜெனோவா, நிற்காமலேயே. “இது அவரு எடம். அவரு இல்லாத ஆறு வருஷமா வீட்டுல, கடையில, ஆஸ்பத்திரியில, எழவு வீட்டுல அவரு எடத்துல நின்னது யாரு? நீங்களா?”

குனிந்து, வலது தண்டில் முன்னாலிருந்து மூன்றாவது குழியில், தானே எண்ணெய் தடவித் தடவிப் பழகிய அந்தக் குழியில் தோளை வைத்தாள். பாரம் அவள்மேல் இறங்கியது, முட்டி மடங்கியது, மடங்கிய முட்டி பாதியில் நின்றது, நின்று நிமிர்ந்தது. குவைத் லாரிக்காரனுக்கு நிச்சயம் செய்த பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து அவன் இடத்தில் தோள் கொடுத்தாள், ஏற்கெனவே உயரம் பார்த்தாகிவிட்டதே. கப்பல்காரனின் அம்மா வந்தாள், சென்னைக்காரனின் அக்கா வந்தாள், வெளிநாட்டில் இருப்பவர்களின் மனைவிமார் பட்டுப் புடவையோடும் மல்லிகைப் பூவோடும் வந்து காலி இடங்களில் நுழைந்தார்கள், தோள் எட்டாதவர்கள் கையைத் தூக்கித் தாங்கினோம். அதைப் பார்த்தபிறகு பந்தலுக்குக் கீழே நின்றவர்களால் நிற்க முடியவில்லை. போனை எங்கே போட்டோம் என்றுகூடப் பார்க்காமல் ஓடி வந்து அவரவர் குழியில் தோளை வைத்தார்கள், லெயோன் தன் தாத்தாவின் ஓரத்து இடத்தில் வைத்தான், சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எந்த இடம் என்று தெரியாமல் எங்கேயோ ஒரு இடத்தில் முட்டுக் கொடுத்தார், கஸ்பார் கடைசியாக வந்தார், அவர் கண் கலங்கியிருந்தது, மூப்பர் பதவி போனால் போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். மாதா உயர்ந்தாள். முழத்திலிருந்து மார் உயரத்துக்கும், மாரிலிருந்து தோள் உயரத்துக்கும் உயர்ந்து, யாரும் அதற்கு முன் பார்த்திராத உயரத்தில் போய் நின்றாள், ஒவ்வொரு குழியிலும் ஒரு தோள், பல குழிகளில் இரண்டு தோள். கத்திய கத்தலில் கடலில் கிடந்த படகுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று கரைக்குத் திரும்பினார்கள்.

“ஜெனோ,” என்றது இடுப்பில் செருகியிருந்த போன். “கனம் பாதியாயிட்டு. யாரோ பக்கத்துல நிக்காங்க.”

“நாந்தான்,” என்றாள்.

சப்பரம் நடந்தது. மாதா கோயில் தெருவில் நடந்து, ஐஸ் கம்பெனி முக்கில் திரும்பி, பண்டகசாலைத் தெருவுக்குள் நுழைந்தது. அங்கே ஷார்ஜாவில் தொபியாஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஏப்ரனோடு, வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, நடக்கத் தொடங்கினான். ஊரில் சப்பரம் திரும்பும்போது அரிசி மூட்டைப் பக்கம் திரும்பினான், எண்ணெய் டின்களைக் கடந்தான், பிஸ்கட் வரிசையில் நேராக நடந்தான். சூப்பர்வைசர் முன்னால் போய் வழியில் நின்ற தள்ளுவண்டிகளை ஒதுக்கிவிட்டானாம், சாமான் வாங்க வந்தவர்கள் பல தேசத்து ஜனங்கள், என்ன என்று புரியாவிட்டாலும் ஓரமாக விலகி நின்றார்களாம், ஒரு பாகிஸ்தானி டிரைவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு நெஞ்சில் கை வைத்தாராம். பின்னால் அந்த சூப்பர்வைசரே எங்களிடம் போனில் சொன்னது இது.

திருவிழாச் சப்பரம் சபைக்காரர் வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்கும். வீட்டுக்காரர் மெழுகுவத்தியோடு வாசலுக்கு வருவார், வீட்டில் யார் என்று சாமியார் கேட்பார், இன்னார் இருக்கிறோம் என்று அவர் சொல்வார், சாமியார் தீர்த்தம் தெளிப்பார், சப்பரம் நகரும். இத்தனை வருஷமும் தொபியாஸின் வீட்டு முன்னால் ஜெனோவா மட்டும் ஒற்றை மெழுகுவத்தியோடு வந்து, நான் ஒருத்தி இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அன்றைக்குச் சப்பரம் நின்றபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஷார்ஜாவில் சோப்பு வரிசைக்கு நடுவில் தொபியாஸும் நின்றான்.

சாமியார் தண்டுக்குக் கீழிருந்து வெளியே வந்து, வியர்வையைத் துடைத்து, பூட்டிய கதவைப் பார்த்து வழக்கப்படி கேட்டார். “இந்த வீட்டில் யார்?”

கஸ்பார் தன் இடத்திலிருந்து தலையை மட்டும் திருப்பினார்.

“வீட்டுல யாருமில்ல சாமி,” என்று தண்டுக்கு அடியிலிருந்து ஜெனோவாவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது, ஆனாலும் தெருக்கோடி வரை கேட்டது. “ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்.”

சாமியார் தீர்த்தத்தை வலது தண்டின் மூன்றாவது இடத்தில் இரண்டு முறை தெளித்தார். போனில் யாரோ முகத்தைத் துடைத்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

“வந்துருக்கான்,” என்றார் கஸ்பார், எல்லாருக்கும் கேட்கும்படி. “நடங்கல.”

சப்பரம் நகர்ந்தது.